தொங்கிப் பார்த்தால் தெரியும்

அத்தியாயம் – 3

லட்சுமணசாமி தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே முக்காலியின் மேல் ஒரு கிளாஸ் டீ ஆவி பறக்க இருந்தது. அது குடிக்கிற சூட்டுக்கு ஆறுகிற வரை அவரை இறக்கப் போவதில்லை என்று கடைக்காரர் யாகூப் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“பதினெட்டு வருஷம் பஸ்ஸுல தொங்கியிருக்கறனுங்க மேடம். அப்பக்கூட இப்படி நோவலீங்க.”

“பேசாம தொங்குங்க. பேசுனா டீ ஆறாது,” என்றார் கிருபாவதி.

கிருபாவதி இருபது வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைத் துருவிவிட்டு, இப்போது கோவையில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவர். லட்சுமணசாமி அவருடைய ஒரே உதவியாள். பொள்ளாச்சி–வால்பாறை தடத்தில் கண்டக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ரசித்துப் பார்க்கிற ஆளிடம் டிக்கெட் இருக்காது என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. அதிலிருந்து அவருக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

இப்போது அவர் சந்தேகப்படுகிற ஆள், கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நின்ற யாகூப்.

விவகாரம் இதுதான். உக்கடத்தில் தார்ப்பாய் தைக்கும் யாகூப், மரம் ஏறுகிறவர்களுக்குப் பெல்ட்டும் தைப்பவர். வால்பாறை மஞ்சக்கல் எஸ்டேட்டில், தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் கிளை கழிக்கிற ஆட்களுக்காகப் போன செவ்வாய்க்கிழமை ஏழு பெல்ட் அனுப்பினார். புதன்கிழமை காலை கிளமென்ட் என்ற ஆள் மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். அவன் இடுப்பில் யாகூபின் பெல்ட். வலப்பக்க வளையத்தைப் பிடித்திருந்த தையல் பிரிந்திருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு யாகூப் வால்பாறை ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும். அங்கிருந்து நேராக ரிமாண்டு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இன்று சனிக்கிழமை. யாகூபின் மனைவி சித்திகாதான் கிருபாவதியைத் தேடி வந்து அழைத்திருந்தார். அந்த டீயை வைத்ததும் அவர்தான்.

“இறக்குங்க, இறக்குங்க. விலா எலும்பு வாய்க்கு வந்துருமாட்டம் இருக்குது,” என்றார் லட்சுமணசாமி. டீயில் இன்னும் ஆவி அடங்கவில்லை.

யாகூப் இறக்கினார். குற்றம் முழுக்க லட்சுமணசாமியுடையது. மேஜை மேல் இரண்டு பெல்ட் இருந்தன. ஒன்று, எஸ்டேட்டில் கிளை கழிக்கும் வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் பம்பாயிலிருந்து வாங்கி ‘இதைப் பார்த்துத் தை’ என்று கொடுத்த மாதிரிப் பெல்ட். இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு சாண் அகலத்துக்கு ஸ்பாஞ்ச். இன்னொன்று யாகூப் தைத்தது, கித்தான் துணி, பார்க்க வறட்சியாக இருந்தது. உங்களுக்குச் சுகமானதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிருபாவதி சொன்னதும், லட்சுமணசாமி பம்பாய் பெல்ட்டைப் பேன்ட் பெல்ட் மாதிரி தொப்புளுக்கு மேலே இறுக்கி மாட்டிக்கொண்டு, கடைக்குள் நாலு நடை நடந்து, கல்யாண வீட்டு சோபா மாதிரி இருக்கிறதென்று சான்றிதழும் கொடுத்திருந்தார். தொங்கவிட்டதும் ஸ்பாஞ்ச் முழுக்க மேலேறி நெஞ்சைப் பிடித்தது. கால் பட்டை இரண்டும் வாழைநார் மாதிரி அறுத்தன.

“நிக்கறப்ப எல்லாப் பெல்ட்டும் சுகம்தானுங்க,” என்றார் யாகூப். “மரத்துல ஆரு நிக்கறாங்க? மூணு மணி, நாலு மணி நேரம் உக்காந்த மாதிரி தொங்கோணும். இடுப்புப் பட்டை தொப்புளுக்குக் கீழ, எலும்பு மேல உக்காரோணும். பாரம் தொடைக்குப் போகோணும். அதுக்குத்தான் தொடைப் பட்டையை அகலமா வெக்கறது. மரம் ஏறுறவங்க கடைக்கு வந்தா பெல்ட்டைக் கையில பாக்க மாட்டாங்க. நேரா கொக்கியில மாட்டித் தொங்கித்தான் பாப்பாங்க.”

இரண்டாவது பெல்ட்டை யாகூபே மாட்டிவிட்டார். லட்சுமணசாமி மறுபடியும் மேலே போனார். இந்தத் தடவை டீ முழுக்க ஆறியது. ஆறின டீயைத் தொங்கிக்கொண்டே குடித்தார்.

“எங்கீங்க நோவுது?”

“வலத் தொடையில, வெளிப்பக்கமா. லேசா.”

யாகூப் அவரை இறக்கி, பெல்ட்டைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து நீலச் சாக்பீஸ் எடுத்து, பெல்ட்டின் உட்புறம் அந்த இடத்தில் அழுத்தமாகப் பெருக்கல் குறி போட்டார். “இந்த எடத்துல கம்பளித் துண்டு வெச்சுத் தெச்சுட்டா நோவாதுங்க. தெச்ச பொறவு கம்பளி மேல திரும்ப ஒரு குறி போட்டுத்தான் அனுப்புவேன். ஒரு மணி நேரம் தொங்குனா வேர்வையில தானாப் போயிரும்.”

“கிளமென்ட்டும் இங்க வந்து தொங்குனாருங்களா?” கிருபாவதி கேட்டார்.

“ஏழு பேரும் வந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு எடத்துல நோவு. பெல்ட்டு மேல பேரு எழுதித்தான் அனுப்புனேன்.”

“நூல்?”

யாகூப் மேஜையிலிருந்த நூல்கண்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். லட்சுமணசாமியின் காது நிமிர்ந்தது.

“போன மாசம் நூல் மாத்துனேனுங்க,” என்றார் யாகூப் மெதுவாக. “நல்ல நூல்தான். இழுத்துப் பாத்தேன். ஆனா...” தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார். “ஜெயிலுக்குப் போறது பெருசில்லீங்க. இந்தக் கைதான் அந்த ஆளைக் கொன்னுதா இல்லையான்னு எனக்கே தெரியலீங்க. அதைத் தெரிஞ்சு சொல்லிருங்க. போதும்.”

சித்திகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இருந்தாலும் சந்தேகத்தை லட்சுமணசாமி இறக்கி வைத்துவிடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை யாகூபோடு சேர்த்து மூன்று பேரும் பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் பிடித்தார்கள். யாகூப் முன் சீட்டில், மடியில் பம்பாய் பெல்ட்டும் தன் கடையில் இருந்த இன்னொரு பெல்ட்டும் போட்ட பையோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மரியாதைக்கு லட்சுமணசாமி வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

“நூலை மாத்துன ஆளு பாருங்க, ஜன்னலுக்கு வெளிய பாத்துட்டே வாராரு,” என்று கிருபாவதியின் காதில் சொன்னார்.

“ஆழியாறு டேம் தெரியுது. நானும்தான் பாக்கறேன்.”

“சரி, அவரு இல்லீன்னா கான்ட்ராக்டர் திருமலைசாமி. செத்த அன்னிக்கே ஸ்டேஷனுக்கு ஓடி, பெல்ட்டு மோசம்னு எழுதிக் குடுத்திருக்கறாரு. பொணம் ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னால புகார் வந்துருச்சு. அவ்வளவு அவசரம் ஆருக்குங்க வரும்?”

“பயந்தவனுக்கும் வரும்.”

“அந்த ஃபோர்மேன் அரங்கசாமி?”

“அவரு காரமடைப் பக்கம் பத்து வருஷம் மரம் ஏறுனவராம். அந்த அனுபவத்துலதான் ஃபோர்மேன் ஆக்கியிருக்காங்க. விழுந்தப்ப பக்கத்துல இருந்தது அவரு ஒருத்தருதான்.”

“அப்ப அவரும் சந்தேகத்துக்கு உரியவருதானுங்க.”

“உங்க லிஸ்ட்டுல இல்லாதது ஆரு?”

லட்சுமணசாமி யோசித்தார். “டிரைவர். அதுவும் நாப்பது வளைவும் ஏறி முடிச்ச பொறவுதான் சொல்ல முடியும்.”

வால்பாறை ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார். பழைய இன்சூரன்ஸ் வழக்கு ஒன்றில் கிருபாவதியைத் தெரிந்தவர். பெல்ட்டையும் போட்டோவையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

“அரங்கசாமி வாக்குமூலம் தெளிவா இருக்குதுங்க. பெல்ட்டு வந்த மறுநாள், சோதிச்சுப் பாக்கலாம்னு கிளமென்ட்டுக்கு மட்டும் முதல்ல குடுத்திருக்காரு. மத்த ஆறு பேரும் வேற மலையில, எப்பவும் போல வெறுங்கயிறு போட்டுட்டு வேலை. கிளமென்ட் ஏழு மணிக்கு ஏறியிருக்கான். பத்து மணிக்குத் தையல் விட்டு விழுந்துட்டான். நாப்பதடி. மூணு மணி நேரம் தாங்குன தையல் அதுக்கு மேல தாங்கலை.”

“வந்த பெல்ட்டையெல்லாம் எங்க வெச்சிருந்தாங்க? சாவி ஆருகிட்டங்க?”

“பீரோவுல. ரெண்டு சாவி. ஒண்ணு கான்ட்ராக்டர், ஒண்ணு ஃபோர்மேன்.”

கிருபாவதி போட்டோவைக் கையில் எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். கிளமென்ட் புல் மேல் மல்லாந்து கிடந்தான். பெல்ட் தொப்புளுக்கு மேலே இறுக்கமாகச் சுற்றியிருந்தது. தொடைப் பட்டைகள் தொளதொளவென்று கிடந்தன.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்கு முன்னால எடுத்ததுங்களா?”

“விழுந்த எடத்துலயே எடுத்ததுங்க. ஆரும் தொடலை.”

லட்சுமணசாமி பெல்ட்டைத் தூக்கி, உள்ளும் புறமும் தடவி, பிரிந்த தையலை முகர்ந்துகூடப் பார்த்தார். தையலை முகர்ந்து என்ன தெரியும் என்று அவருக்கே தெரியாது. துப்பறிகிறவர்கள் எதையாவது முகர வேண்டும் என்று ஓர் எண்ணம். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கிருபாவதி வேட்டியைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

“சார், கான்ட்ராக்டர், ஃபோர்மேன், மரம் ஏறுற ஆறு பேரு, எல்லாரையும் மூணு மணிக்கு எஸ்டேட் ஷெட்டுக்கு வரச் சொல்ல முடியுங்களா? இந்தப் பெல்ட்டையும் எடுத்துட்டு வாங்க. புதுப் பெல்ட்டு எது வாங்கறதுன்னு ஒரு முடிவு பண்ணோணும்னு மட்டும் சொல்லுங்க.”

“என்ன முடிவுங்க?”

“எது சுகமான பெல்ட்டுன்னு.”

*

ஷெட்டுக்குள் உரமூட்டை வாசனை. உத்தரத்தில் மூட்டை தூக்குகிற கொக்கி தொங்கியது. ஆறு பேரும் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளமென்ட்டின் மனைவி சாராவும் வந்திருந்தாள். வாசலில் நின்ற யாகூபை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. யாகூப் உள்ளே வரவுமில்லை.

திருமலைசாமி சஃபாரி சட்டையில் கடுகடுவென்று நின்றார். “ஏனுங்க, இந்த ஆளுகிட்டயே திரும்பப் பெல்ட்டு வாங்கச் சொல்றீங்களா? ஒரு உசுரு போனது போதாதுங்களா?”

“வாங்கச் சொல்லலீங்க. ரெண்டையும் போட்டுப் பாத்து எது சுகம்னு சொல்லுங்க. நீங்களும் மரம் ஏறுனவருதான?”

“பதினாலு வருஷம்,” என்றார் திருமலைசாமி வெடுக்கென்று.

லட்சுமணசாமி அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த ஆள்தான். குரலில் சூடு, நெற்றியில் வேர்வை, கையில் மோதிரம் நாலு. டிக்கெட் எடுக்காதவனின் அத்தனை லட்சணமும் இருந்தது.

திருமலைசாமி மேஜையிலிருந்த இரண்டு பெல்ட்டையும் விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். பம்பாய் பெல்ட்டைத் தள்ளிவிட்டு யாகூபின் கித்தான் பெல்ட்டை எடுத்தார். சஃபாரி சட்டையை மேலே சுருட்டி, பட்டையைத் தொப்பைக்குக் கீழே இறக்கி மாட்டினார். பிறகு யாரும் சொல்லாமலே கொக்கியை இழுத்து மாட்டி, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்தார். அத்தனை பெரிய உடம்பு கீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் தொங்கியது.

“சுகமாத்தான் இருக்குது. எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். இப்படித் தெக்கத் தெரிஞ்ச ஆளு நூல்ல ஏமாத்தியிருக்கறான் பாருங்க,” என்றார் தொங்கியபடியே.

வாசலில் யாகூப் தலையைக் குனிந்துகொண்டார்.

“அடுத்து நீங்க,” என்றார் கிருபாவதி.

அரங்கசாமி முன்னால் வந்தான். ஒல்லியான ஆள், பணிவான சிரிப்பு. கிளமென்ட் செத்த நாளிலிருந்து சாரா வீட்டுக்கு இரண்டு வேளை சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவன் என்று எஸ்டேட் முழுக்க அவனுக்கு நல்ல பெயர். “கான்ட்ராக்டர் சொன்னா சரிதானுங்க. இருந்தாலும் அந்தப் பெல்ட்டை நம்பிப் போட எனக்கு மனசு வரலைங்க,” என்று பம்பாய் பெல்ட்டை எடுத்தான். தொப்புளுக்கு மேலே சுற்றி, இறுக்கி, கால் பட்டைகளைத் தளர்த்தி விட்டுக்கொண்டான். அங்கேயும் இங்கேயும் நாலு எட்டு நடந்தான். ஸ்பாஞ்சைத் தட்டிப் பார்த்தான்.

“இதுதானுங்க சுகம். அசல் சோபாவாட்டம்.”

லட்சுமணசாமிக்கு உச்சந்தலையில் சுரீரென்றது. இது நேற்று அவர் சொன்ன அதே வார்த்தை, நடந்த அதே நடை.

சுவரோரம் இருந்த ஆறு பேரும் ஃபோர்மேனையே பார்த்தார்கள். அதில் மூத்தவரான நரசிம்மலு மெதுவாக எழுந்து நின்றார்.

“ஏனுங்க ஃபோர்மேன், தொங்கிப் பாக்கலீங்களா?”

அரங்கசாமி கொக்கியை அண்ணாந்து பார்த்தான். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கே ரசிக்கிறதுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டுமே இருந்தது.

“பத்து வருஷம் மரம் ஏறுனவரு தொங்கிப் பாக்காம பெல்ட்டு சுகம்னு சொல்ல மாட்டாருங்க,” என்றார் கிருபாவதி. “இவரு ஒரு நாளும் தொங்குனதே இல்லை. அதனாலதான் இப்படிக் கட்டறாரு. இன்ஸ்பெக்டர் சார், அந்தப் போட்டோவைக் காட்டுங்க.”

போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. பெல்ட் தொப்புளுக்கு மேலே. கால் பட்டை தளர்வாக. அரங்கசாமி இந்த நிமிஷம் எப்படிக் கட்டிக்கொண்டு நின்றானோ அப்படியே.

“எங்க கிளமென்ட் இப்படிக் கட்டமாட்டானுங்க,” என்றார் நரசிம்மலு. “மரத்துல ஒரு நிமிசம்கூட இருக்க முடியாது.”

“கட்டலை. அவரு செத்த பொறவு வேற ஒருத்தர் கட்டிவிட்டாரு.”

“எல்லாமே ஊகமுங்க,” என்றான் அரங்கசாமி. குரல் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. “காலையில ஏழு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் அந்தப் பெல்ட்டுலதான் தொங்குனான். நான் கண்ணால பாத்தேன்.”

“மூணு மணி நேரம்,” என்றார் கிருபாவதி. “லட்சுமணசாமி, வேட்டியைக் காட்டுங்க.”

“மேடம், சபையில...”

“ஓரத்தைக் காட்டுனாப் போதும்.”

லட்சுமணசாமி குனிந்து பார்த்தார். வெள்ளை வேட்டியில், தொடைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நீலத் தீற்றல். பஸ்ஸில் ஒட்டிய பெயின்ட் என்று நினைத்து, ஸ்டேஷனிலிருந்து ஷெட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ் கம்பெனியைத் திட்டிக்கொண்டு வந்திருந்தார். இப்போதுதான் ஸ்டேஷன் மேஜை ஞாபகத்துக்கு வந்தது. பெல்ட்டைத் தடவிய கை. வேட்டியில் துடைத்த கை.

இன்ஸ்பெக்டர் பெல்ட்டைத் திருப்பினார். உட்புறம், இடப்பக்கம், புதுசாகத் தைத்த கம்பளித் துண்டு. அதன் மேலே நீலச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி. ஒரு மூலை மட்டும் லட்சுமணசாமியின் கைபட்டுக் கலைந்திருந்தது. மிச்சம் மூன்று மூலையும் நேற்றுப் போட்டது மாதிரி இருந்தன.

“ஒரு மணி நேரம் தொங்குனாலே வேர்வையில போயிருங்க,” என்று வாசலிலிருந்து யாகூப் சொன்னார். “ஒரு நிமிசம்கூட இதுல பாரம் எறங்கலை.”

அரங்கசாமி உரமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். ஸ்பாஞ்ச் பெல்ட் மேலேறி அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அதை அவிழ்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

“வியாழக்கிழமை கம்பெனிப் பெரிய துரை பெல்ட்டைப் பாக்க வாரதா இருந்துச்சுங்க,” என்றான் தரையைப் பார்த்து. “சில்வர் ஓக் பிசின் பட்டா போகாது. ஏழும் புதுசா, வரிசையா இருக்கோணும்னு பீரோவுல பூட்டி வெச்சுட்டேன். கிளமென்ட் வந்து கேட்டான். ‘என்ற பெல்ட்டு வந்திருக்குதாமே, குடுங்க’ன்னான். நாளைக்கு ஒரு நாள் துரை பாத்துட்டுப் போகட்டும், இன்னிக்கு ரெண்டே மரம்தானன்னு நான்தான் வெறுங்கயித்துல ஏத்திவிட்டேன். விழுந்துட்டான். ஓடிப்போய்ப் பாத்தா உசுரு இல்லை. பெல்ட்டு இருந்தும் ஏன் குடுக்கலைன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது? பீரோவுல இருந்து அவன் பேரு எழுதுனதை எடுத்துட்டு வந்து மாட்டி, பிளேடால தையலை அறுத்துப்போட்டேன்.”

திருமலைசாமி சட்டைப் பாக்கெட்டைத் தடவினார். “அந்த இன்னொரு சாவி என்ற பாக்கெட்டுலதான் இருந்துச்சு. கிளமென்ட் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பனே,” என்றார். அவர் நேராக வாசலுக்குப் போய் யாகூபின் முன்னால் நின்றார். கையை எடுத்துக் கும்பிட்டார். லட்சுமணசாமிக்குத் தன் சந்தேகத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. டிக்கெட் எடுத்துவிட்டு வேர்த்துப்போய் நிற்கிறவர்களும் பஸ்ஸில் உண்டு என்பதை அவர் மறந்துவிட்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அரங்கசாமியை எழுப்பி ஜீப்புக்குக் கூட்டிப்போனார். போகிற போக்கில் லட்சுமணசாமியின் வேட்டியைக் காட்டி, “அதைத் தொவைச்சுப்போடாதீங்க, சாட்சிக்கு வேணும்,” என்றார்.

“அப்ப நான் எதைக் கட்டிட்டுங்க பஸ் ஏறுறது?” என்று லட்சுமணசாமி கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை.

பெல்ட் இன்னும் மேஜை மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் காவல் நின்றார். சாரா எழுந்து வந்து அதன் முன்னால் நின்றாள். தொடவில்லை. கொஞ்ச நேரம் அந்த நீலக் குறியையே பார்த்தாள். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, யாகூபின் முகத்தைப் பார்த்தாள்.

“இது என்னங்க குறி?”

யாகூப் உள்ளே வந்தார். “கடையில தொங்கிப் பாத்தப்ப எங்க நோவுதுன்னு கேட்டனுங்கம்மா. அவரு சொன்ன எடம். இடது இடுப்பெலும்புக்கு மேல. பழைய நோவு, ரெண்டு வருசமா இருக்குதுன்னாரு. அதான் அந்த எடத்துல கம்பளி ரெண்டு மடிப்பா வெச்சேன்.”

“ரெண்டு வருசமாவா?” என்றாள் சாரா.

“ஆமாங்கம்மா.”

அவள் தன் இடது இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஊட்டுல எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலீங்களே.”